குரல் மாற்றினால் சந்தை விரியும்

இராஜபாளையத்துப் பலசரக்குக் கடைக்காரருக்கு மொழிமாற்றம் புதிதல்ல. தெலுங்கு பேசும் வாடிக்கையாளர் 'பப்பு' கேட்பார்; அடுத்து நிற்பவர் 'பருப்பு' கேட்பார். சரக்கு ஒன்றே. இந்த வேலையைத் திரைப்படத்தில் செய்து காட்டிய வணிகர் ஏ.வி. மெய்யப்ப செட்டியார். அவரது தொழில்முறை நமக்கும் உதவும் என்பதால் சுருக்கமாகத் தருகிறோம்.

அவர் 1907-இல் காரைக்குடியில் பிறந்தவர். தந்தையார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டுகளும் விற்பனையாயின. இசைத்தட்டை வாங்கி விற்பதைவிடத் தாமே வெளியிடுவது மேல் எனக் கருதி, கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தை நடத்தினார். பின்னர் படத்தொழிலில் முதல் போட்டார். 1935-இல் வந்த 'அல்லி அர்ஜுனா', அடுத்து 'ரத்னாவளி' இரண்டுமே நஷ்டம். முதலிரண்டு கொள்முதலும் கையைச் சுட்ட பிறகும் அவர் தொழிலை விடவில்லை. 1938-இல் 'நந்தகுமார்' கைகொடுத்தது. அதில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமனைப் பாடவைத்தார். முகம் ஒருவருடையது, குரல் மற்றவருடையது என்ற வழி அங்கே திறந்தது.

1943-இல் கன்னடத்தில் 'ஹரிச்சந்திரா' வெளிவந்தது. உலகப் போரால் கச்சா பிலிமுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. அப்படத்தைத் தமிழில் குரல் மாற்றி 1944-இல் வெளியிட்டார் செட்டியார். இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் குரல் மாற்றப்பட்ட முதல் படம் என்று இதையே குறிப்பிடுகிறார்கள்.

இதில் லாபக் கணக்கு எளிது. அரங்கம், உடை, நடிகர் சம்பளம், படப்பிடிப்பு பிலிம் எதற்கும் இரண்டாம் முறை செலவில்லை. உரிமைத் தொகை, வசனம், குரல், ஒலிப்பதிவு ஆகியவையே செலவு. ஆனால் வேலை நுணுக்கமானது. பிலிம் சுருள் காலத்தில் படத்தைச் சிறு துண்டுகளாக்கி, முனைகளை ஒட்டி, வளையம்போல் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பேசுவார்கள். திரையில் உதடு மூடும் இடத்தில் 'ப', 'ம' போன்ற எழுத்து விழவேண்டும். 'பப்பு' இருந்த இடத்தில் 'பருப்பு' பொருந்தும். 'பிய்யம்' இருந்த இடத்தில் 'அரிசி' பொருந்தாது. அதற்கு வசனத்தையே மாற்றி எழுதவேண்டும்.

1945-இல் ஏ.வி.எம். நிறுவனம் பிறந்தது, 1947-இல் 'நாம் இருவர்' பெருவெற்றி பெற்றது. 1979-இல் செட்டியார் மறைந்தார்.

நமக்குள்ள பாடம் இதுதான்: தயாரான நல்ல சரக்குக்கு அடுத்த சந்தையின் மொழியைக் கொடுத்தாலே போதும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது நெடுநாள் தாங்காத பண்டம். வெளி மாநிலத்தில் வாங்குபவர் தேதியைப் படிக்க முடியாமல் வைத்திருந்து கெட்டுப்போனால், போவது கடையின் பெயர்தான். எனவே சட்டம் கேட்கும் விவரங்களோடு, சரக்கின் பெயரையும் கெடுநாளையும் அவ்வூர் மொழியிலும் அச்சிடுங்கள். அச்சுக்கூலி சிறிது, காப்பது நம் பெயரை.