உங்களுக்குத் தெரியுமா? ஊர் ஊராய்ப் போகும் மஞ்சள் தட்டான்

★ மழை ஓய்ந்த மாலையில் வயலுக்கும் மொட்டை மாடிக்கும் மேலே கூட்டமாய்ச் சுற்றும் மஞ்சள் தட்டானுக்கு அறிவியல் பெயர் பான்டலா ஃபிளாவெசென்ஸ். அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இது உண்டு.

★ பறப்பது வானில், வளர்வது தண்ணீரில். மழைநீர் தேங்கிய குட்டையில் முட்டையிடும். குஞ்சுகள் கொசுப்புழு தின்று வளரும். பல தட்டான் இனங்களுக்கு இந்த நீர்ப்பருவம் மாதக்கணக்கில், சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். இதற்கோ 38 முதல் 65 நாட்கள் போதும். குட்டை வற்றுவதற்குள் இறக்கையோடு கிளம்பிவிடும்.

★ நிலத்தின் மேல் நன்னீர் அதிகம் தங்காத மாலத்தீவிலும் ஆண்டுதோறும் அக்டோபரில் இவை வந்து குவிகின்றன. பருவக்காற்றின் துணையோடு இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா போகும் வழியில் இறங்குபவை இவை என்று 2009-ல் விளக்கினார் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன். போய்த் திரும்பும் முழுச் சுற்று 14,000 முதல் 18,000 கி.மீ. வரை இருக்கலாம், அதை முடிக்க நான்கு தலைமுறைகள் ஆகும் என்பது அவர் கணிப்பு.

★ தூரம் கூடினால் மரபணுவும் விலகும் என்பதுதான் பொது விதி. இந்தத் தட்டான் அதற்கு அடங்கவில்லை. ஆசியா, அமெரிக்கா என்று பல நாடுகளில் பிடித்தவற்றின் மரபணுவை ஒப்பிட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வில், அவற்றுக்கிடையே பெரிய பிளவு தென்படவில்லை. ஓரிடத்தில் தங்காமல் போகுமிடமெல்லாம் கலந்து இனம் பெருக்குவதே காரணம்.

★ விதிவிலக்கு, சிலிக்கு மேற்கே ஏறத்தாழ 3,500 கி.மீ. தள்ளி பசிபிக்கில் தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவு. அங்குள்ள ஒரே தட்டான் இனம் இதுதான். எரிமலை வாய்களில் தேங்கிய ஏரிகளில் பெருகுகிறது. இத்தீவுத் தட்டான்கள் மற்றவற்றைவிடக் கறுத்திருக்கின்றன; தாழப் பறக்கின்றன; கடல்பக்கம் போவதைத் தவிர்க்கின்றன என்று 1998-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

★ ஏன் இப்படி? கடல்மேல் கிளம்பியவை கரைசேராமல் அழிந்திருக்கும். தீவிலேயே தங்கியவை சந்ததி விட்டிருக்கும். அலைவதால் உலகெங்கும் ஒன்றாய் இருக்கும் ஓர் உயிர், அலைய வழியில்லாத இடத்தில் வேறாகத் தொடங்குகிறது.

★ ஒரு நாட்டின் மழைக்குட்டையில் பிறந்தது இன்னொரு நாட்டில் முட்டையிடுகிறது. அதனால், நம் ஊரில் ஒரு குட்டையை மண் கொட்டி மூடினால், இழப்பு நம் ஊரோடு நிற்பதில்லை. மழைக்குட்டைகளைக் காப்போம்!