மடிக்கணினியில் கீறலா? தேய்க்கும் முன் சற்றுக் கவனியுங்கள்

மடிக்கணினி இன்று நம் இல்லங்களில் ஆடம்பரப் பொருள் அல்ல. மூத்த பிள்ளை படிப்பை முடித்து வேலைக்குச் சென்றதும், அவன் வைத்திருந்த மடிக்கணினி தங்கையின் கைக்கு வருகிறது. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அந்தக் கணினிகளும் இப்படி அண்ணனிடமிருந்து தம்பிக்கு என்று பல வீடுகளில் கைமாறியுள்ளன.

கைமாறும் பொருளில் கீறல் விழாமல் இருக்காது. பழைய கணினியை விற்கப் போனாலும் கடைக்காரரின் கண் முதலில் கீறல்மேல்தான் விழும். உடனே யாரோ சொன்னதைக் கேட்டு, பற்பசை, நகப்பூச்சு நீக்கி என்று கையில் கிடைத்ததை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறோம். சிறு கீறல் பெரிய வடுவாக மாறுவது பெரும்பாலும் அப்போதுதான். ஆகவே, முதலில் கீறல் என்றால் என்னவென்று பார்ப்போம்.

கீறல் என்பது என்ன?

மடிக்கணினிகளின் பிளாஸ்டிக் உடல் பெரும்பாலும் ஏ.பி.எஸ்., பாலிகார்பனேட் ஆகியவற்றாலோ இவ்விரண்டின் கலவையாலோ ஆனது. வழவழப்பான பரப்பில் விழும் ஒளி ஒரே சீராகத் திரும்புகிறது. கீறல் விழுந்த இடத்தில், பள்ளத்தின் ஓரங்களில் பட்டு ஒளி சிதறுகிறது. அதுவே நம் கண்ணுக்கு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது.

களத்து மேட்டில் வண்டித் தடம் விழுந்தால் மண்ணைப் போட்டு நிரப்பலாம். பிளாஸ்டிக்கில் போன பொருளைத் திரும்ப வைக்க இயலாது. சுற்றியுள்ள பரப்பை மெல்லத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவதைத்தான் கீறலை நீக்குவது என்கிறோம். எனவே, தேய்க்கும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக் சிறிது குறைகிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சூடு காட்டினால் மறையாதா என்று சிலர் கேட்பதுண்டு. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் வழியில் உள்ள சென்னபட்டணத்தில் பொம்மை கடைபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவும். பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்க்க, மினுமினுப்பு வந்துவிடும். மடிக்கணினியின் பிளாஸ்டிக்கும் சூட்டில் இளகும் இனந்தான். ஆனால் அதற்குள் இருப்பது மரமல்ல. லித்தியம் பாட்டரியும் திரையும் இருக்கின்றன. மேலும், இளகிய பிளாஸ்டிக் கோணலாகிவிடும். எனவே சூட்டு வைத்தியம் வேண்டாம்.

எந்தப் பரப்பு?

1. வழவழப்பாகப் பளபளக்கும் பரப்பு: மெருகேற்றினால் பலன் கிடைப்பது இங்கு மட்டுமே.

2. சொரசொரப்பான பரப்பு: உள்ளங்கை படும் இடமும் அடிப்பாகமும் பல கணினிகளில் இப்படித்தான் இருக்கும். அந்தச் சொரசொரப்பு அச்சிலேயே வார்க்கப்பட்டது. தேய்த்தால் அது அழிந்து வழுக்கைபோல் பளபளக்கும். அதை மீட்கவே முடியாது.

3. வண்ணம் பூசிய பரப்பு: கீறலுக்குள் வேறு நிறம் தெரிந்தால், போனது மேற்பூச்சு. தேய்த்தால் நிறம் போன இடம் அகலும். அதே நிறப் பூச்சை மெல்லிய தூரிகையால் தொட்டு வைப்பதே நல்லது.

4. திரை: இங்கு எதைக் கொண்டும் மெருகேற்ற வேண்டாம். கூச்சம் தடுக்கும் மேற்பூச்சு போய்விடும்.

செய்யும் முறை

கணினியை முழுவதும் நிறுத்தி, சார்ஜர் இணைப்பை எடுத்துவிடுங்கள். பாட்டரியைக் கழற்ற முடியுமானால் கழற்றி வையுங்கள். துளைகளின்மேல் காகித டேப்பை ஒட்டுங்கள். எந்தத் திரவத்தையும் நேராகக் கணினிமேல் ஊற்றக் கூடாது.

முதல் வேலை சுத்தம் செய்வது. பாத்திரம் துலக்கும் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டுப் பிழிந்த மென்துணியால் துடையுங்கள். கீறல் என்று நாம் நினைப்பதில் பல, வேறொரு பொருள் உரசி ஒட்டவைத்த கறைதான். பென்சில் அழிக்கும் ரப்பரிலேயே அது போகக்கூடும். மேலும், தூசியை நீக்காமல் தேய்த்தால் அந்தத் தூசியே புதிய கீறல்களைப் போடும்.

மிஞ்சிய கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டவில்லையானால் கீறல் மேலோட்டமானது. பிளாஸ்டிக் பாலிஷ் அல்லது கார்களுக்கான மென்மையான பாலிஷை நிலக்கடலை அளவு துணியில் எடுத்து, வட்டமாக, அழுத்தாமல் ஒரு நிமிடம் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துக்கொள்வது நல்லது. வெள்ளைப் பற்பசையும் இதே வேலையைச் செய்யும், ஏனெனில் அதிலும் நுண்ணிய அரம்போன்ற துகள்கள் உள்ளன. ஆனால் அத்துகள்களின் அளவு பசைக்குப் பசை மாறும் என்பதால், வேறு வழி இல்லாதபோது மட்டும் அதை நாடுங்கள்.

நகம் தட்டினால், கார் பெயிண்ட் விற்கும் கடைகளில் கிடைக்கும் 2000, 3000 எண் வாட்டர் பேப்பர் தேவை. நீரில் நனைத்து, முதலில் 2000, பிறகு 3000 என்று சில முறை மட்டும் மெல்ல இழையுங்கள். அந்த இடம் மங்கித் தோன்றும், பயப்பட வேண்டாம். பாலிஷ் போட்டதும் பளபளப்பு திரும்பும். மரத்துக்கான உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். மிக ஆழமான கீறலை அப்படியே விட்டுவிடுவதே மேல்.

நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் அசிட்டோன் இருக்கும். அது ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். தின்னர், பெட்ரோல் ஆகியவையும் ஆகாதவை. தேங்காய் எண்ணெய் கீறலைச் சற்று நேரம் மறைக்கும். பிறகு தூசியைச் சேர்க்கும்.

கீறல் வேறு, விரிசல் வேறு

இதுதான் முக்கியமானது. கீறல் அழகைத்தான் கெடுக்கும். மூடியின் கீல் அருகே தோன்றும் விரிசலோ, திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளரும். அதை உடனே பழுதுபார்ப்பவரிடம் காட்டினால் சிறிய செலவோடு முடியலாம். அடிப்பாகமோ விசைப்பலகையோ மேல்நோக்கிப் புடைத்திருந்தால் பாட்டரி வீங்கியிருக்கலாம். அதை அழுத்தவோ, தேய்க்கவோ, சார்ஜ் செய்யவோ கூடாது. பழைய கணினியைப் பிள்ளையிடம் கொடுக்கும் முன் கீறலை எண்ணுவதைவிட இவ்விரண்டையும் பார்ப்பதே அவசியம்.

பிறகு, வருமுன் காப்போம். பையில் கணினியோடு சாவிக்கொத்தையும் சார்ஜரையும் ஒரே அறையில் போடாதீர்கள். தட்டச்சு செய்யும்போது வளையலும் கைக்கடிகாரமும் உரசும் என்பதால் அவற்றைக் கழற்றி வையுங்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியைப் பிழிந்து துடையுங்கள். தம்பி தங்கைகளுக்கும் அந்தக் கணினி நல்லபடியாக உழைக்கும்.