அளவுகோல் குட்டையாக்கும் குழந்தைகள்

இரண்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் 85.4 செ.மீ.; மறுவாரம் 84.7. பிள்ளை சுருங்குமா? அங்கன்வாடி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் இப்படிக் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. சுருங்கவில்லை. இரண்டு வயதுவரை கிடத்தி அளப்பார்கள், அப்புறம் நிற்கவைத்து. நின்றால் முதுகெலும்பு சற்று அமுங்கி, சராசரியாக 0.7 செ.மீ. குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டவணையிலேயே இதற்குக் கணக்கு உண்டு.

இது சமர்த்தான பிழை. எவ்வளவு என்று தெரியும், கழித்துவிடலாம்.

அடங்காதது வேறு. பலகையில் கிடத்தியதும் ஒன்றரை வயதுப் பிள்ளை வீறிட்டு முழங்காலை மடக்கும். தலையைப் பிடிக்க ஒருவர், முழங்காலை அமுக்கிப் பாதப் பலகையை நகர்த்த இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவர் அடுப்படியில் சாதம் வடித்துக்கொண்டிருப்பார். உச்சிக் குடுமி அளவைக் கூட்டும், மடங்கிய கால் குறைக்கும். கூடுவதும் குறைவதும் சரிக்குச் சரியாகிவிடாதா? சராசரியில் ஆகிவிடும். ஓரத்தில் ஆகாது. வேடிக்கையே அங்கேதான்.

ஏன் என்று பார்க்க ஒரு களத்தை நினையுங்கள்: நெல் காய்கிறது, குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் கனமாக, அந்தப் பக்கம் சில மணிகள் மட்டும். கோழிகள் புகுந்து கிளறுகின்றன. கோழிக்குப் பாரபட்சம் கிடையாது. ஆனாலும் கோட்டைத் தாண்டுவதில் பெரும்பங்கு கனமான பக்கத்து நெல்தான். ‘வளர்ச்சி குன்றல்’ என்பதும் ஒரு கோடுதான்: நடுமதிப்புக்கு இரண்டு திட்டவிலக்கம் கீழே. இரண்டு வயதில் ஒரு திட்டவிலக்கம் ஏறக்குறைய 3 செ.மீ. நன்றாக வளரும் 1000 பேரிலும் 23 பேர் கோட்டுக்குக் கீழே இருப்பார்கள். அளவீட்டில் 1.5 செ.மீ. திட்டவிலக்கமுள்ள பிழை புகுந்தால், கணக்குப்படி அது 37 ஆகும். ஒரு பிள்ளையும் குட்டையாகவில்லை. கூடுதலான 14 பேர், கோழிகளின் கைங்கரியம். உண்மையிலேயே குட்டையான சிலரோ குவியலுக்குள் போய் மறைந்துவிடுவார்கள்.

அளவெடுப்பின் வரலாறு வேண்டுமென்றால்: பிரான்சின் மோன்பெயார் பிரபு 1759 முதல் 1777 வரை தன் மகனை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தார். அங்கன்வாடியில்போல அவர் வீட்டு வாசலில் பிள்ளைகளின் வரிசை நிற்கவில்லை. போதும்.

இப்போது கைப்பேசியில் படம்பிடித்தே உயரம் சொல்லும் செயலிகளைப் பற்றிப் பெரும் பேச்சு. கோழியை விரட்டாமல் களத்துக்குக் கேமரா மாட்டுகிற வேலை. துள்ளும் பிள்ளை கேமரா முன்னாலும் துள்ளத்தான் செய்யும். திரையில் ஒரு தசமம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

2006 அட்டவணைக்காக டெல்லி உட்பட ஆறு நகரங்களில் அளந்தவர்கள் செய்தது எளிமையானது. இரண்டு பேர் தனித்தனியே அளந்து ஒப்பிட்டார்கள்; நீளத்தில் 7 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி அளந்தார்கள். கிராமத்து மையத்தில் அத்தனை ஆள் இல்லையென்றால், குடுமியை அவிழ்த்துவிட்டு, தாயையே தலைமாட்டில் உட்காரவைத்துத் தலையைப் பிடிக்கச் சொல்லலாம். தெரிந்த முகத்தைப் பார்த்தால் அழுகையும் கொஞ்சம் அடங்கும், காலும் நீளும்.