நீளப் பாம்பை அடிக்கிறோம், குட்டைப் பாம்பிடம் ஏமாறுகிறோம்

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் ஒன்றரை மீட்டருக்கும் மேல் வளரும் கருந்தலை ராயல் பாம்புக்கு விஷம் கிடையாது. சீண்டினால் உரக்கச் சீறும், கடிக்கவும் செய்யும். அவ்வளவுதான். வளைக்குள்ளேயே புகுந்து எலியைத் தின்று, விவசாயியின் தானியத்தைக் காக்கிற பாம்பு இது. அதன் நீளத்துக்கும் சீற்றத்துக்கும் பயந்து, கண்ட இடத்தில் அடித்துக் கொல்கிறார்கள். குட்டிகளுக்கு உடலெங்கும் புள்ளிகள் இருப்பதால், விரியன் என்று நினைத்துக் கொல்வதும் உண்டு.

உயிரைப் பறிப்பது அதே மணலில் கிடக்கும் சுருட்டை விரியன். உருவத்தில் சிறியது, செதில்களை உரசிச் சரசரவென ஒலி எழுப்பும். அதன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. ஈறிலிருந்து இரத்தம் கசியலாம், சிறுநீர் சிவக்கலாம்.

எந்தப் பாம்பு கடித்தது என்று தெரியாவிட்டால் விஷப் பாம்பு என்றே கொள்ள வேண்டும். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாமே கேடு. பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை. இந்தியாவின் நான்கு முக்கிய விஷப் பாம்புகளுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். சுருட்டையின் விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய, சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தாலே உறைகிறதா என்று தெரிந்துவிடும். சிறிய மருத்துவமனையிலும் செய்யக்கூடிய சோதனை இது. உறவினர்கள் தயங்காமல் கேட்கலாம்.

பணம் கட்டினால்தான் சிகிச்சை என்று யாரும் நிறுத்தி வைக்கக் கூடாது. ராஜஸ்தான் 2023இல் நிறைவேற்றிய சுகாதார உரிமைச் சட்டம், முன்பணம் இல்லாமல் அவசர சிகிச்சை பெறும் உரிமையில் பாம்புக்கடியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

ஆனால் அந்த விஷமுறிவு மருந்திலேயே ஒரு குறை இருக்கிறது. அதற்கான விஷம் பெரும்பாலும் சென்னையை அடுத்த வடநெம்மேலியில், பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது. இருளர்களின் கைத்திறன் நாடெங்கும் உயிர் காக்கிறது. ஆனாலும் தெற்கத்திச் சுருட்டையின் விஷமும் தார் சுருட்டையின் விஷமும் ஒன்றல்ல என்பதால், பாலைவனக் கடிக்கு இம்மருந்து போதிய பலன் தருவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இப்போதைக்கு வேறு மருந்து இல்லை, அதனால் இதைத் தவிர்க்கவே கூடாது. ராஜஸ்தான் பாம்புகளின் விஷத்தையும் சேர்த்து மருந்து தயாரிப்பதுதான் சரியான தீர்வு. அதை இனியும் தள்ளிப்போடுவது நியாயமில்லை.

பாம்புக்கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைக்க மத்திய அரசு 2024இல் செயல்திட்டம் வெளியிட்டது. ஒவ்வொரு கடியையும் பதிவுசெய்யும்படி மாநிலங்களையும் கேட்டுக்கொண்டது. விஷமில்லாத பாம்பின் கடியாக இருந்தாலும் மருத்துவமனையில் பதிவுசெய்யச் சொல்லிக் குடும்பத்தார் வலியுறுத்த வேண்டும். எந்தச் சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி மருந்து இருக்க வேண்டும் என்பதை அந்தப் பதிவுகளை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.