சாவி வரும்வரை ஊரே வரவேற்பறை

சிங்கப்பூரில் பிள்ளைகள் கல்யாணப் பேச்சை எடுத்ததும் பெரியவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "பிடிஓவுக்குப் போட்டாச்சா?" என்பது. நாள் பார்ப்பதும் மண்டபம் பிடிப்பதும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். வீட்டு வசதி வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பிடிஓ எனப்படும் புது வீட்டுக்கு இன்று பதிந்து வைத்தால் சாவி கைக்கு வருவதற்குப் பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அந்த ஆண்டுகளில் இளந்தம்பதியர் எங்கே இருக்கிறார்கள்? வேலை முடிந்த மாலைப்பொழுதை எங்கே கழிக்கிறார்கள்? எதையெல்லாம் "வீடு வரட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்கள்? வீட்டு விலையையும் மானியத்தையும் அலசும் கட்டுரைகள் இதைத் தொடுவதே இல்லை. ஆனால் மூன்று, நான்கு ஆண்டு என்பது இளமையில் சிறிய பங்கு அல்ல.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு வரலாறு உண்டு. வீவக 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. இன்று சிங்கப்பூர்வாசிகளில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக வீடுகளில்தான் குடியிருக்கிறார்கள். முன்பெல்லாம் கழகம் முன்கூட்டியே கட்டும், மக்கள் வரிசையில் பெயர் பதிந்து வாங்குவார்கள். 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்ததும் வரிசையில் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். ஏறத்தாழ 31,000 வீடுகள் வாங்க ஆளில்லாமல் நின்றன. அதன் பிறகு 2001இல் கழகம் முறையைத் தலைகீழாக மாற்றியது: முதலில் விண்ணப்பம், போதிய பேர் முன்வந்தால் கட்டுமானம். அதுதான் பிடிஓ. ஆளில்லாமல் வீடு பூட்டிக் கிடக்கும் நிலை நீங்கியது. அந்தச் சுமை வேறு உருவில் வாங்குபவர் பக்கம் வந்தது. வீடு காத்திருந்த காலம் போய், மனிதர் காத்திருக்கும் காலம் வந்தது.

விண்ணப்பக் கட்டணம் 10 வெள்ளி. பிறகு கணினிக் குலுக்கல், வரிசை எண், உங்கள் முறை வரும்போது வீட்டைத் தேர்ந்தெடுக்கும் நாள். நான்கறை வீடு என்றால் அன்று 2,000 வெள்ளி கட்டிப் பதிய வேண்டும். அதன்பின் சில மாதங்களில் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்து, முன்பணம். பலர் இந்த முன்பணத்தை மத்திய சேம நிதியிலிருந்தே கட்டிவிடுகிறார்கள். கையெழுத்திட்ட பிறகு வேண்டாம் என்றால் வீட்டு விலையில் 5 விழுக்காடு போய்விடும். மணமாகாத இணையரும் விண்ணப்பிக்கலாம், சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்டினால் போதும். இந்த வசதியால் பல இணையர் படிப்பு முடிந்த கையோடு பதிந்துவிடுகிறார்கள். காத்திருக்கும் ஆண்டுகளில் உறவு முறிந்தால் மனவலியோடு பண இழப்பும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு வரிசையில் இடம்பிடிக்கும் அவசரம் கல்யாண முடிவை முந்திக்கொள்ளக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையெழுத்துப் போட்டாயிற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மண் தோண்டுவார்கள், தூண் எழும்பும். இவர்கள் பெற்றோர் வீட்டில் இருப்பார்கள்.

நான்கறை வீடு என்றால் படுக்கையறை மூன்றுதான், வரவேற்பறையையும் சேர்த்தே நான்கு என்கிறோம். ஓர் அறையில் அப்பா, அம்மா. ஓர் அறையில் தம்பியோ தங்கையோ, சில வீடுகளில் பாட்டி. மூன்றாவது அறை புதுத் தம்பதிக்கு. அந்த அறையில்தான் கட்டில், அலமாரி, கல்யாணப் பரிசாக வந்து பிரிக்கப்படாமல் இருக்கும் பெட்டிகள், மடிக்கணினி மேசை எல்லாமே. அடுப்படி மாமியாருடையது. தொலைக்காட்சி மாமனாருடையது, இரவுச் செய்தியும் அதன்பின் வரும் தொடரும் மாறாது. சண்டை என்று எதுவும் இல்லாத அன்பான வீட்டிலும்கூட, கணவனும் மனைவியும் ஒரு விஷயத்தைக் குரலைத் தாழ்த்தாமல் பேசிக்கொள்ள இடம் இருக்காது. மருமகளுக்கு ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் தூங்கத் தயக்கமாக இருக்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் தயக்கம் இருக்கும்.

தனியே வாடகைக்குப் போகலாம். ஆனால் 2022 வாக்கில் ஏறிய வாடகை பலரைத் தடுத்துவிட்டது. இவர்களுக்காகவே 2013இல் வீவக ஓர் இடைக்கால ஏற்பாட்டைத் தொடங்கியது. புது வீட்டுக்குக் காத்திருக்கும் தம்பதியர் சந்தை வாடகையைவிடக் குறைவாகக் கழகத்தின் பழைய வீடுகளில் தங்கலாம். குடும்ப வருமானம் மாதம் 7,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். இடங்கள் போதவில்லை என்ற குரல் வலுத்ததும், ஏறத்தாழ 2,000 ஆக இருந்த இவ்வகை வீடுகளை 4,000 ஆக உயர்த்த முடிவானது. இடம் கிடைக்காமல் வெளியில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு 2024 ஜூலையிலிருந்து சிறிது காலம் மாதம் 300 வெள்ளி கைகொடுத்தது. நல்ல ஏற்பாடுகள்தாம். ஆனாலும் பெரும்பாலானோரின் காத்திருப்பு அம்மா வீட்டிலோ மாமியார் வீட்டிலோதான் கழிகிறது.

அதனால்தான் இந்தத் தம்பதியரின் ஓய்வுநேரம் நான்கு சுவருக்கு வெளியே நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர் இளைஞர்கள் எந்நேரமும் ஊர்சுற்றுகிறார்கள், கடைத்தொகுதியே கதி என்று கிடக்கிறார்கள் என்று சொல்வதுண்டு. அவர்கள் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவர்களுக்கு உட்கார ஒரு வரவேற்பறை இல்லை. ஊர் அதைத் தருகிறது.

நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தெம்பனிசில் 2017இல் திறக்கப்பட்ட 'நமது தெம்பனிஸ் நடுவம்' ஒரே கூரையின்கீழ் நூலகம், நீச்சல் குளங்கள், விளையாட்டுத் திடல், உணவங்காடி என்று எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. பொங்கோலில் வட்டார நூலகம் 2023இல் வந்தது. மாலை ஆறரைக்கு இங்கெல்லாம் போய்ப் பாருங்கள். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்கு இடையே, ஆளுக்கொரு புத்தகத்தோடு அருகருகே உட்கார்ந்திருக்கும் இளந்தம்பதியரைப் பார்க்கலாம். குளிரூட்டி, நல்ல நாற்காலி, வாசிக்கத் தமிழ்ப் புத்தகமும் உண்டு. ஒரு காசு செலவில்லை.

நடப்பதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. பழைய தலைமுறைத் தமிழர்கள் பூமலை என்று அழைத்த தாவரவியல் பூங்கா 1859இல் உருவானது, 2015இல் யுனெஸ்கோவின் மரபுடைமைத் தலமானது. காலை ஐந்திலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. ஏரிக்கரை மேடையில் வார இறுதிகளில் இலவச இசை நிகழ்ச்சி நடப்பதுண்டு. மலாயா ரயில் ஓடிய தண்டவாளத்தை 2011க்குப் பிறகு எடுத்துவிட்டு உருவாக்கிய ரயில் பாதை வழித்தடம் 24 கிலோமீட்டர் நீள்கிறது. ஒரு வாரம் ஒரு துண்டு என்று நடந்தால் பல ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வரும். செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காவுக்கு வீட்டிலிருந்து முட்டை எடுத்துப்போய், ஊற்று நீரில் வேகவைத்துத் தின்றுவிட்டு, காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். இவையெல்லாம் சுற்றுப்பயணிகளுக்கான பட்டியல் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சொந்த வீடு இல்லாத நான்கு ஆண்டில்தான் சொந்த ஊரை நன்றாகத் தெரிந்துகொண்டோம் என்று சொல்லும் தம்பதியரைக் கேட்டிருக்கிறேன்.

சமூக மன்றத்தில் சமையல் வகுப்பு, பறை, பூப்பந்து என்று ஏதாவது ஒன்றில் சேர்பவர்களும் உண்டு. இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு: புது வீடு எந்தப் பேட்டையில் வருகிறதோ அந்தப் பேட்டையின் மன்றத்திலேயே சேர்ந்துவிடுவது நல்லது. குடிபோகும்போது நான்கு முகமாவது தெரிந்திருக்கும்.

அப்புறம், கட்டுமானத் தளத்தைப் போய்ப் பார்ப்பது. இதை ஒரு பொழுதுபோக்கு என்றே சொல்ல வேண்டும். எதிர்ப் புளோக்கின் மேல்மாடி நடைபாதையில் நின்று, இந்த மாதம் ஆறாவது மாடி, அடுத்த மாதம் ஒன்பது என்று படம் எடுத்து வைக்கிறார்கள். ஒரே திட்டத்தில் பதிந்தவர்கள் டெலிகிராம் குழுவில் அந்தப் படங்களைப் பகிர்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது சுவர் எழும்பும் முன்பே தெரிந்துவிடுகிறது. தெங்கா புதுநகரில் முதல் வீடுகள் விற்பனைக்கு வந்தது 2018 நவம்பரில், முதல் குடும்பங்கள் குடியேறியது 2023இல். இடைப்பட்ட காலத்தில் அந்தச் செம்மண் மேட்டைப் பார்க்க எத்தனையோ பேர் பேருந்து ஏறிப் போனார்கள். 42,000 வீடுகள் வரப்போகும் நகரம் அது.

அந்தத் தளங்களில் சாரத்தின் மேல் நிற்பவர்களில் பலர் நம் ஊர்க்காரர்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஞாயிறன்று தேக்காவில் அவர்களோடு பேச்சுக் கொடுத்தால் வீட்டுப் பேச்சுதான் முதலில் வரும். ஊரில் அஸ்திவாரம் போட்டாயிற்று, அடுத்த ஆண்டு கான்கிரீட் போட வேண்டும், அதற்கடுத்து பூச்சு. அவர்களும் ஒரு வீட்டுக்காகக் காத்திருப்பவர்களே. அந்தக் காத்திருப்புக்குக் குலுக்கலும் இல்லை, சாவி நாளும் இல்லை. சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நாம் நம் வீட்டுக் கணக்கைப் போடும்போது இவர்களையும் நினைக்க வேண்டும். 2020 ஏப்ரலில் கொவிட் கட்டுப்பாடுகள் வந்தபோது கட்டுமானம் நின்றது, தொழிலாளர்கள் விடுதிகளில் அடைபட்டார்கள். வீடு தள்ளிப்போகிறதே என்ற நம் கவலைக்கு அடியில் அவர்களுடைய நோயும் அச்சமும் இருந்தன. அப்போது தாமதமான திட்டங்களை முழுவதும் முடிக்க 2025 தொடக்கம் வரை ஆயிற்று. சிலருடைய காத்திருப்பு ஐந்து ஆண்டையும் தாண்டியது.

பொருள் வாங்கும் ஆசை இந்தக் காலத்தில் இயல்பாகவே பெருகும். அலெக்சாந்திராவிலும் தெம்பனிசிலும் உள்ள ஐக்கியா கடைகளில் மெத்தையில் உட்கார்ந்து பார்ப்பதும், அலமாரிக் கதவைத் திறந்து மூடுவதும் செலவில்லாத இன்பம். ஆனால் அளவு தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். தோ பாயோவில் வீவக தலைமையகத்தில் உள்ள காட்சிக்கூடத்தில் மாதிரி வீடுகளை முழு அளவிலேயே அமைத்திருக்கிறார்கள். அங்கே நின்று, அளவு நாடாவால் அளந்து, கட்டில் போட்ட பிறகு கதவு திறக்குமா என்று பார்த்துவிட்டு வாருங்கள். புதுப்பிப்புப் பணிக்கு மாதந்தோறும் ஒரு தொகையைத் தனியே ஒதுக்குவது இன்னும் பயன் தரும். சாவி வாங்கும் மாதத்தில் கையில் பணம் இல்லாமல், புதுப்பிப்புக்கென்று இன்னொரு கடனில் இறங்குபவர்கள் நிறையப் பேர்.

பொருளைத் தள்ளிப்போடுவது சரி. வாழ்க்கையைத் தள்ளிப்போடுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. நாய்க்குட்டி, வீணை வகுப்பு, நண்பர்களுக்கு விருந்து, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தை, இவை எல்லாம் வீடு வந்த பிறகு என்று ஆகிவிடுகின்றன. முப்பதைத் தாண்டும் பெண்ணுக்கு நான்கு ஆண்டு என்பது மருத்துவ ரீதியாகவே பெரிய காலம். அதிகாரிகளும் இதை உணர்ந்திருக்கிறார்கள், மூன்று ஆண்டுக்குள் முடியும் வீடுகளை இப்போது கூடுதலாக விற்பனைக்கு விடுகிறார்கள். இன்னும் அதிகமாக விட வேண்டும். அதுவரை, பாட்டி தாத்தா கூடவே இருக்கும் வீட்டில் பிள்ளை பெறுவது ஒரு வகையில் வசதி என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். தனி வீட்டுக்குப் போனபின் அந்தக் கைகள் பக்கத்தில் இருக்காது.

சாவி வாங்கும் நாளுக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது ஆடியிலோ மார்கழியிலோ வந்தால் தமிழ்க் குடும்பங்கள் கிரகப்பிரவேசம் செய்யத் தயங்கும். ஆவணிக்கோ தைக்கோ காத்திருப்பவர்கள் உண்டு. மாதம் பொருந்தி வந்தவர்கள் புதுப்பிப்புப் பணி தொடங்கும் முன்பே நாள் பார்த்து, வெறும் சிமெண்டுத் தரையில் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சிவிடுகிறார்கள்.

பால் காய்ச்சியதும் முதல் வேலை, குறை பார்ப்பது. ஒரு நாணயத்தால் தரைக்கல்லைத் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் வேறாகக் கேட்கும். சன்னல் சரியாக மூடுகிறதா, குளியலறைத் தண்ணீர் வடிகிறதா என்றும் பாருங்கள். ஓராண்டுக்குள் சொல்லும் குறைகளைக் கட்டியவர்களே இலவசமாகச் சரிசெய்து தருவார்கள். எனவே புதுப்பிப்பு ஒப்பந்தக்காரரை உள்ளே விடுமுன் எல்லாவற்றையும் படம் எடுத்து எழுதிக் கொடுத்துவிட வேண்டும். குளியலறையில் கழகம் பதித்த தரைக்கற்களை முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பெயர்க்கக் கூடாது. சத்தம் வரும் வேலைகள் வார நாளில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துக்குள் முடிய வேண்டும், சனி ஞாயிறு கிடையாது. ஆகவே சாவி வந்த பிறகும் குடிபோக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பெற்றோர் வீட்டு அறையைக் காலி செய்ய வேண்டாம்.

பெற்றோருடனோ அவர்கள் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள்ளோ குடியேற விரும்பும் பிள்ளைகளுக்குக் குலுக்கலில் முன்னுரிமை உண்டு. அதனால் பலர் போவது இரண்டு மூன்று பேருந்து நிறுத்தம் தள்ளித்தான். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் அம்மா வீட்டுக்கே திரும்ப வருகிறார்கள்.