ஓரத்தில் நின்ற அத்தை

கல்யாண ஆல்பத்தைக் கொடுத்த மறுநாளே பெண்ணின் அத்தை ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். "ஏன் தம்பி, என்னை மட்டும் இப்படிக் குண்டாக்கி வச்சிருக்கீங்க?"

சின்ன மண்டபம். பின்னால் நகர இடமில்லை. 24 மி.மீ. வைட் லென்ஸ் போட்டேன். இருபது பேரும் அடங்கினார்கள். ஓரத்தில் நின்றவர் அகலமாகிவிட்டார்.

ஒரு லென்ஸ் ஒரே பார்வையில் எவ்வளவை வாங்கிக்கொள்கிறதோ, அது அதன் பார்வைப் புலம் (எஃப்ஓவி). கோணத்தில் சொல்வோம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. பக்கவாட்டில் சுமார் 74 டிகிரி, 50 மி.மீ. 40. தாலி கட்டும்போது தூரத்திலிருந்தே முகத்தைப் பிடிக்கும் 200 மி.மீ. வெறும் 10. நிறைய அள்ளினால் ஒவ்வொன்றும் சிறுத்துப்போகும். பந்தியில் ஆள் கூடினால் இலை குறுகுகிற மாதிரி.

அந்த வாரம்தான் என் மகள், தான் ஆடும் துப்பாக்கி விளையாட்டில் என் கையில் மவுஸைக் கொடுத்தாள். பத்தே நிமிஷத்தில் குமட்டல். "எஃப்ஓவி கம்மியா இருக்குப்பா" என்று செட்டிங்ஸில் 60-ஐ 90 ஆக்கினாள். குமட்டல் அடங்கியது. பக்கத்தில் பதுங்கி வருகிறவன் தெரிந்தான். தூரத்தில் நின்றவனோ எறும்பாகிவிட்டான். ஓரத்துச் சுவர்கள் இழுபட்டு நின்றன. அத்தை ஞாபகம் வந்தது.

விளையாட்டில் லென்ஸ் ஏது? எல்லாம் கணக்கு. 1993-இல் வந்த டூம் விளையாட்டே 90 டிகிரிக் காட்சியைத்தான் வரைந்தது. ஆனால் இரண்டடி தள்ளியிருக்கும் 24 அங்குல மானிட்டர் நம் கண்ணுக்கு அடைத்துக்கொள்வது சுமார் 47 டிகிரி. 90-ஐ அதற்குள் திணித்தால் ஓரம் இழுபட்டுத் தெரியாமல் என்ன செய்யும்? ஓரடிக்கும் குறைவான தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோனால் இழுப்பு மறைகிறது. (மகள் திட்டினாள்.)

ஆல்பத்துக்கும் இதே கணக்குதான். 18 அங்குல அகலப் பக்கம், 24 மி.மீ. லென்ஸ் என்றால் கண் 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அத்தையை மறுபடி வரச் சொன்னேன். "ஒரு கண்ணை மூடிக்குங்க. படத்தோட நடுவுக்கு நேரா, ஓரடி தூரம். தலையை அசைக்காம கண்ணை மட்டும் ஓரத்துக்குத் திருப்புங்க."

பார்த்தார். "அட, சரியாத்தானே இருக்கேன்!"

ஆல்பத்தை மூடினார். "கல்யாண ஆல்பத்தை எவன் தம்பி ஒத்தக் கண்ணால பார்ப்பான்?"

85 மி.மீ. லென்ஸை மாட்டி, தனியாக நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.