தலைகீழ் மலையில் ஓரிரவு

மலையேறுபவருக்கு மலையே ஒரு காவல். ஏறும்போது மூச்சு வாங்கும், கால் வலிக்கும். "இனி என்னால் முடியாது" என்று உடம்பு சொல்லும் இடத்தில் திரும்பிவிடலாம். திரும்பும் வழி இறக்கமாகையால் களைத்த காலும் எப்படியோ வீடு சேர்ந்துவிடும். ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில் இந்தக் காவல் கிடையாது. அங்கே முதலில் வருவது இறக்கம். காலை நேரம், குளிர்ந்த காற்று, பையில் நிறையத் தண்ணீர், நெஞ்சு நிறைய உற்சாகம். உடம்பு ஒரு வார்த்தை எச்சரிப்பதற்கு முன்பே நாம் ஐந்தாறு கிலோமீற்றர் கீழே போயிருப்போம். பிறகுதான் ஏற்றம். அதுவும் களைத்த பிறகு, வெயில் ஏறிய பிறகு.

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிராண்ட் கென்யன் இத்தகைய தலைகீழ் மலைகளில் மிகவும் பேர்பெற்றது. கொலராடோ ஆறு அறுத்து உண்டாக்கிய இப்பள்ளத்தாக்கின் நீளம் 446 கிலோமீற்றர். அகன்ற இடத்தில் ஏறத்தாழ 29 கிலோமீற்றர் அகலம். ஆழம் ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் அதிகம். 1919இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டு, 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தென் விளிம்பில் 'தென் கைபாப்' பாதை தொடங்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து 2,213 மீற்றர் உயரத்தில் உள்ளது. நமது பாவாத மலையின் உச்சி 2,243 மீற்றர். ஆகவே அந்த விளிம்பில் வாகனத்தை விட்டு இறங்குபவர், ஓர் அடிகூட ஏறாமலே பாவாத மலை உச்சியளவு உயரத்தில் நிற்கிறார். அங்கிருந்து ஆற்றங்கரைக்கு ஏறக்குறைய 1,450 மீற்றர் கீழே இறங்க வேண்டும். மறுநாள் அவ்வளவையும் மீண்டும் ஏற வேண்டும்.

இறங்க இறங்க வெப்பம் கூடும். வறண்ட காற்றில் ஆயிரம் மீற்றர் இறங்கினால் சுமார் 10 பாகை செல்சியஸ் ஏறும் என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் விளிம்பில் பைன் மரநிழலில் இதமாக இருக்கும் அதே பகலில், ஆற்றங்கரையில் நிழலிலேயே 40 பாகையைத் தாண்டியிருக்கும். பாறைச் சுவர்கள் பகல் முழுவதும் குடித்த சூட்டை இரவிலும் உமிழ்கின்றன. குளிர்காலத்தில் நிலைமை வேறு: மேலே பாதை பனிக்கட்டியாக இறுகிக் கிடக்கும், சப்பாத்துக்கு அடியில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டுதான் நடக்க முடியும். ஒரே பாதை, இரண்டு காலநிலை. அதனால்தான் திட்டமிடல் நாட்காட்டியிலிருந்து தொடங்குகிறது. மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டெம்பர் இறுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை உகந்த காலம். ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் முதன்முறை செல்லவே கூடாது என்பது என் கருத்து. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை பிற்பகல் இடிமழையும் உண்டு. எங்கோ தொலைவில் பெய்த மழை, வறண்டு கிடந்த ஓடையில் திடீர் வெள்ளமாக வந்து சேரும். வறண்டிருக்கிறதே என்று ஓடைப் படுக்கையில் கூடாரம் அடிப்பவர் இதை அறியாதவர்.

பள்ளத்தாக்குக்குள் இரவு தங்குவதற்கு அனுமதிப்பத்திரம் கட்டாயம். அதற்குப் பல மாதங்கள் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிப்போர் அதிகமாகையால் குலுக்கல் முறையும் உண்டு. கிடைக்காதவர்களில் சிலர், "ஒரே நாளில் இறங்கி ஏறிவிட்டால் அனுமதியே தேவையில்லையே" என்று கணக்குப் போடுகிறார்கள். ஆற்றுக்கு ஒரே நாளில் போய்வர முயல வேண்டாம் என்று பூங்கா அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் 250க்கும் மேற்பட்டோரை உள்ளிருந்து மீட்க வேண்டியிருக்கிறது. மீட்கப்படுவோர் நோயாளிகளோ முதியவர்களோ அல்லர். பெரும்பாலும் தம் உடல் வலுவில் நம்பிக்கை மிகுந்த இளைஞர்கள்.

முதன்முறை செல்வோருக்குப் பொருத்தமான வழி, தென் கைபாப் பாதையால் இறங்கி, 'பிரைட் ஏஞ்சல்' பாதையால் ஏறுவது. முன்னது சுமார் 11 கிலோமீற்றர். செங்குத்தானது, நிழலற்றது, வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பின்னது சுமார் 15 கிலோமீற்றர். நீளம்தான், ஆனால் இடையிடையே நிழலும் இளைப்பாறும் குடில்களும் தண்ணீர்க் குழாய்களும் உண்டு. தண்ணீர் இல்லாத குறுகிய வழியை இறங்கப் பயன்படுத்துவது. தண்ணீருள்ள நீண்ட வழியை ஏறுவதற்கு வைத்துக்கொள்வது. ஒரு பயணத்தின் பாதிப் பாதுகாப்பு இந்த ஒரு தெரிவில் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குழாய்களை முழுதாக நம்ப முடியாது. தண்ணீரைக் கொண்டுவரும் குழாய்த்தொடர் பழையது, அடிக்கடி உடையும். புறப்படும் நாளில் எந்தக் குழாய் வேலை செய்கிறது என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். ஆற்றுநீரைச் சுத்திகரிக்கும் வடியோ மாத்திரையோ பையில் இருக்க வேண்டும்.

இனித் தண்ணீரும் உப்பும். இதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நம் நாட்டில் வளர்ந்த உடம்புக்கு இது புதிய பாடம். கொழும்பிலோ காத்தான்குடியிலோ வெயிலில் நடந்தால் வியர்வை முதுகில் ஒட்டும், உடை நனையும். எவ்வளவு இழந்தோம் என்று நமக்கே தெரியும். பாலைவனக் காற்றில் வியர்வை தோலில் தோன்றும்போதே ஆவியாகிவிடும். உடை காய்ந்தே இருக்கும். "எனக்கு வியர்க்கவேயில்லை" என்று நினைத்துக்கொண்டு நடப்பவர், மணிக்கு ஒரு லீற்றருக்கு மேலும் இழந்துகொண்டிருக்கலாம். தோளில் வெள்ளையாகப் படியும் உப்புக் கோடுதான் அதற்குச் சாட்சி.

இதைக் கேட்டவுடன் பலரும் தண்ணீரை மட்டும் லீற்றர் லீற்றராகக் குடிக்கத் தொடங்குவார்கள். அதுவும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது. உப்பை ஈடுசெய்யாமல் வெறும் தண்ணீரை நிறைத்தால் குருதியில் சோடியம் குறைந்துவிடும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம், முற்றினால் வலிப்பு. வெப்பக் களைப்பின் அறிகுறிகளும் ஏறக்குறைய இவையே என்பதால், பக்கத்திலிருப்பவர் "இன்னும் குடி, இன்னும் குடி" என்று ஊற்றிக் கேட்டை அதிகமாக்குவதுண்டு. ஒரு வேறுபாடு உதவும்: தண்ணீர் போதாதவருக்குச் சிறுநீர் குறைவாகவும் கடும் மஞ்சளாகவும் போகும், தண்ணீர் மிஞ்சியவருக்கு அடிக்கடி, நிறமின்றிப் போகும். ஆகவே தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதும், குடிக்கும்போதெல்லாம் ஏதேனும் உப்புள்ளதைக் கடிப்பதும் வேண்டும். வறுத்த உப்புக் கச்சான், உப்பு பிஸ்கட், கரைத்துக் குடிக்கும் ஜீவனி போன்ற உப்புத்தூள். இரண்டு நாளும் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மணிக்கொருமுறை தின்ன வேண்டும். வெப்பத்தில் பசி மறைந்துவிடும் என்பதால் இதைக் கடமைபோல் செய்ய வேண்டியிருக்கும்.

வெப்பத்தாக்கு இவற்றினும் கொடியது. பேச்சுக் குழறினாலோ, ஏதோ பொருந்தாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ, அவரை உடனே நிழலில் கிடத்தி உடம்பு முழுவதும் நனைத்து விசிற வேண்டும். உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. குளிரவைப்பதே முதல் மருந்து.

2004 ஜூலையில் நடந்த ஒன்றை இளம் வாசகியருக்குச் சொல்லியாக வேண்டும். மரதன் ஓட்டத்தில் சிறந்து விளங்கிய 24 வயது மருத்துவ மாணவி ஒருவர், நண்பர் ஒருவருடன் இப்பள்ளத்தாக்கில் ஓடப் புறப்பட்டார். பாதையின் தூரத்தை உண்மையிலும் குறைவாக எண்ணியிருந்தனர். கொண்டுபோன தண்ணீர் மிகக் குறைவு. வெப்பம் 40 பாகைக்கு மேல். நண்பர் களைத்து ஓரிடத்தில் நின்றுவிட, அவர் தனியே தொடர்ந்தார். நண்பர் உயிர் பிழைத்தார், அவர் பிழைக்கவில்லை. உடம்பைப் பற்றிப் படித்தவர், உடம்பைப் பழக்கியவர். குறைந்திருந்தது தண்ணீரும் வரைபடத்தில் செலவிட வேண்டிய சில நிமிடங்களுந்தான். பிரியாமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் குழுவாகச் சென்றவர் குழுவாகவே திரும்ப வேண்டும் என்ற விதியைப் புறப்படும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடையின் வேகத்தைத் தீர்மானிப்பவர் முன்னே செல்பவர் அல்லர், ஆக மெதுவாக நடப்பவர்.

பை விடயத்துக்கு வருவோம். நம் எடையில் ஐந்திலொன்றுக்கு மேல் சுமக்காதிருப்பது நல்லது. 50 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சுமக்கலாம். இறங்கும்போது நான்கு லீற்றர் தண்ணீர் தேவை. அதுவே நான்கு கிலோ. மிச்சம் ஆறு கிலோவுக்குள் படுக்கை, கூடாரத்தில் ஒரு பங்கு, உணவு, மருந்து, தலையில் அணியும் டோர்ச், குளிருக்கு ஒரு மேலாடை எல்லாம் அடங்க வேண்டும். கணக்கை இப்படிப் போட்டுப் பார்த்தால் இரண்டாவது மாற்றுடையும் தடித்த புத்தகமும் தாமாகவே வெளியே வந்துவிடும். உடை விடயத்தில் நம் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தோலை வெயிலுக்குக் காட்டாத தளர்ந்த, வெளிர்நிற, நீண்ட கையுள்ள பருத்தி உடையும் தலையை மூடும் துணியுமே அங்கே அனுபவசாலிகள் சொல்லும் உடுப்பு. தலைத்துணியை நனைத்துப் போட்டுக்கொண்டால் அதுவே குளிரூட்டி. சப்பாத்துப் புதியதாக இருக்கக் கூடாது. இறக்கத்தில் விரல்கள் முன்னே முட்டும் என்பதால் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். அற்பம்போலத் தோன்றும் இந்த நகவெட்டி பலரது பயணத்தைக் காப்பாற்றியிருக்கிறது.

பாதையில் கோவேறு கழுதைகள் வரும். பாறைப்பக்கமாக ஒதுங்கி அசையாமல் நிற்க வேண்டும், பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் நிற்கக் கூடாது. ஆற்றைக் கடக்கும் தொங்கு பாலம் 1928இல் முடிந்தது. அதன் பாரிய கம்பிவடங்களை ஹவசுபாய் பழங்குடி ஆண்கள் வரிசையாக நின்று தோளில் சுமந்தே இறக்கினார்கள். மறுகரையில் சற்றுத் தொலைவில் 1922இல் எழுந்த 'பாந்தம் ரான்ச்' விடுதி. அதை வடிவமைத்தவர் மேரி கோல்டர் என்ற பெண். கட்டடக்கலை ஆண்களின் தொழிலாகவே இருந்த காலத்தில், அங்கு கிடைத்த கல்லையே கொண்டு இடத்தோடு இழையும்படி கட்டியிருக்கிறார். கூடாரமடிக்கும் இடம் அதற்கு அருகே, ஓடைக்கரையில். அங்கே பாம்பைவிட அணிலுக்கு அஞ்ச வேண்டும். பழகிப்போன அணில்கள் பையைக் கிழிக்கும், கையைக் கடிக்கும். உணவையெல்லாம் அங்குள்ள உலோகப் பெட்டியில் பூட்ட வேண்டும். ஓடையில் கால் நனைக்கலாம். பேராற்றில் இறங்க வேண்டாம். மேலேயுள்ள அணையின் அடியாழத்திலிருந்து வரும் நீர் அது. உறையவைக்கும் குளிர், இழுத்துச் செல்லும் வேகம்.

ஏற்றத்துக்கு, இறங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஒதுக்க வேண்டும். ஐந்து மணித்தியாலத்தில் இறங்கியவருக்குப் பத்து. ஆகவே இருட்டிலேயே எழுந்து, விடியுமுன் நடந்து, ஏறக்குறைய பாதி வழியிலுள்ள 'ஹவசுபாய் தோட்டத்தை' வெயிலுக்கு முன் அடைந்துவிட வேண்டும். வெப்பம் மிகுந்த நாளாயின் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 4 மணி வரை அங்கேயே நிழலில் படுத்திருந்து, மாலையில் மிச்சத்தை ஏறலாம். அனுமதி கிடைத்தால் கீழே இரண்டு இரவுகள் தங்குவது இன்னும் நல்லது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை இத்தகைய பயணம் ஒன்றுக்குப் புறப்பட்டால், அது எந்த நாட்டு மலையானாலும், ஒரு தாளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பாதையால் இறக்கம், எந்தப் பாதையால் ஏற்றம், எங்கே இரவு, யார் யார் கூட, எத்தனை மணிக்கு மேலே வந்து சேர்வோம், அதற்கு எத்தனை மணித்தியாலம் பிந்தினால் எந்த இலக்கத்துக்கு அறிவிப்பது. கிராண்ட் கென்யனின் உள்ளே பெரும்பாலான இடங்களில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. காற்றும் புகையும் வெப்பமும் மிகுந்தால் ஹெலிகொப்டரும் இறங்காது. அந்தத் தாள் ஒன்று உம்மாவின் கையிலும், ஒரு பிரதி விளிம்பில் நிற்கும் வாகனத்திலும் இருக்கட்டும்.